படிப்பை நிறுத்தியதற்கான காரணம்

1.

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பன்னிரண்டு வருடங்களுக்கு முன்னால் நான் ஒரு கதை எழுதினேன். வார இதழ் ஒன்றில் வந்தது. இசைக் கல்லூரியில் பாட்டுப் படிக்கும் பெண் ஒருத்தி. கல்யாணப் பேச்சுக்கு வந்த மாப்பிள்ளை ஒரே ஒரு வாக்கியம் சொல்கிறான். அவள் பாட்டை மூட்டை கட்டி வைத்துவிடுகிறாள். கடைசிப் பத்தியில் பாத்திரம் கழுவிக்கொண்டே சத்தம் வராமல் உதடுகளை மட்டும் அசைக்கிறாள். படித்தவர்கள் கண் கலங்கினார்கள். நாற்பது கடிதங்கள் வந்தன. [முப்பத்தொன்று. நாற்பது என்று சொல்லிச் சொல்லிப் பழகிவிட்டது.]

அந்த மாப்பிள்ளை என் அண்ணன். அந்தப் பெண் என் அண்ணி. பெயர்களை மாற்றியிருந்தேன், தொழிலை மாற்றியிருந்தேன், அண்ணனின் மூக்கை மட்டும் அப்படியே விட்டுவிட்டேன். வீட்டில் எல்லோருக்கும் புரிந்தது. அண்ணன் அந்தக் கதையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. குற்றவுணர்ச்சியில் வாயடைத்துப் போய்விட்டான் என்று நினைத்துக்கொண்டேன். அப்படி நினைத்தது சரிதான், ஆனால்—

[இந்த 'ஆனால்' இப்போதைக்குத் தொங்கட்டும். இங்கேயே முடித்தால் மீதிக் கதைக்கு வேலை இல்லை.]

அந்தக் கதை தப்பு. நடை நன்றாகத்தான் இருந்தது, நடந்ததுதான் தப்பு. பாடப்புத்தகங்களுக்குப் பிழை திருத்துவது என் உத்தியோகம். அடுத்தவர் பிழையில் எனக்கு இருபது வருட அனுபவம் உண்டு. சொந்தப் பிழைக்கு இன்றுதான் பேனாவை எடுக்கிறேன்.

2.

தொடக்கம் அ: "அன்று மழை பிடித்துக்கொண்டது." பிடித்துக்கொள்ளவில்லை. மண்டையைப் பிளக்கும் வெயில்.

தொடக்கம் ஆ: "நாற்பத்துமூன்று வயதில் அவளுக்குள் உறங்கிக்கிடந்த இசை மெல்லக் கண்விழித்து—" வேண்டாம். அண்ணி படித்தால் என்னை வாசற்படி ஏற விடமாட்டாள்.

தொடக்கம் இ: அண்ணி தன் மூக்குக்கண்ணாடியை எங்கள் வீட்டில் மறந்து வைத்துவிட்டுப் போயிருந்தாள். அதைக் கொடுக்க மதியம் அவள் வேலை செய்யும் இடத்துக்குப் போனேன்.

இதுதான் நடந்தது. ஆகவே இதுதான் தொடக்கம்.

அண்ணிக்குக் காது கேட்கும் கருவிகள் விற்கும் நிலையத்தில் வேலை. வருகிறவர்களுக்கு எவ்வளவு கேட்கிறது என்று சோதித்துச் சொல்ல வேண்டும். அதற்கென்று ஒரு சின்ன அறை உண்டு. சுவரெல்லாம் தடித்த பஞ்சு, ஒரு நாற்காலி, ஒரு கண்ணாடிச் சன்னல். உள்ளே உட்காருகிறவர் தலையில் ஹெட்போனை மாட்டிக் கையில் ஒரு பட்டனைக் கொடுத்து, "சின்னதா கேட்டாலும் அமுக்குங்க" என்பாள். கேட்ட அளவை வரைபடத்தாளில் குறிப்பாள்: வலது காதுக்குச் சிவப்பில் வட்டம், இடது காதுக்கு நீலத்தில் பெருக்கல் குறி. சத்தமே அனுப்பாதபோதும் சிலர் அமுக்குவார்களாம். "ஆசையில அமுக்குறாங்க, பாவம்" என்று சொல்வாள்.

அன்று முன்கூடத்தில் யாரும் இல்லை. சன்னல் வழியே பார்த்தால் அண்ணி உள்ளே தனியாக உட்கார்ந்திருந்தாள். உதடுகள் அசைந்தன. சத்தம் இல்லை.

[எனக்குப் புல்லரித்தது. நான் கற்பனையில் எழுதிய கடைசிப் பத்தி கண்ணெதிரே நடக்கிறது என்று நினைத்தேன். அண்ணிக்காக வருத்தப்பட்டதைவிட என் கதைக்காகப் பெருமைப்பட்டேன். இதை அடித்துவிடலாமா என்று யோசித்தேன். இருக்கட்டும்.]

கதவைத் திறந்தேன். குரல் என் முகத்தில் வந்து மோதியது. உதட்டசைவாவது ஒன்றாவது! அடிவயிற்றிலிருந்து, அறை அதிரப் பாடிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்தும் நிறுத்தவில்லை. எடுத்த வரியை முடித்துவிட்டுத்தான் பேசினாள்.

"கதவைச் சாத்து. வெளியில கேக்கும்."

"எவ்வளவு நாளா அண்ணி இது?"

"ரெண்டு வருஷமா. சாப்பிட்டது போக இருபது நிமிஷம் மிச்சம் இருக்கும். இந்த ரூம்ல கத்துனாக்கூட வெளியில நிக்கிறவனுக்குத் தெரியாது."

கண்ணாடியை வாங்கித் துடைத்துப் போட்டுக்கொண்டாள். பிறகு, என்னைப் பார்க்காமல், "பாட்டுக் காலேஜுல மறுபடி சேரலாமான்னு யோசிக்கிறேன். சிரிக்காதே" என்றாள்.

"சிரிக்கலையே."

"உங்க அண்ணன்கிட்ட இப்ப சொல்ல வேணாம். நீ மட்டும் என்கூட வா."

இதற்கு என்ன அர்த்தம் என்று நினைக்கிறீர்கள்? நானும் அதைத்தான் நினைத்தேன். அண்ணன் மறுபடியும் தடுப்பான் என்று பயப்படுகிறாள். என் பழைய கதைக்கு இரண்டாம் பாகம் தானாக வந்து மடியில் விழுகிறது.

3.

இசைக் கல்லூரி அலுவலகத்தில் பதிவேடுகளைப் பார்த்துக்கொள்ளும் அம்மாள் ஒருவர் இருந்தார். பழைய மாணவர்கள் மீண்டும் சேர வழி இருக்கிறது, ஆனால் முதலில் பழைய பதிவைக் கண்டுபிடிக்க வேண்டும் என்றார். தூசி ஒத்துக்கொள்ளாதவர்போல. மூக்கில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு உள்ளே போய், கால் மணி நேரமும் பதினான்கு தும்மலும் கழித்து, ஒரு பெரிய பதிவேட்டோடு வந்தார்.

மேசைக்கு அந்தப் பக்கமிருந்து எழுத்தைத் தலைகீழாகப் படிப்பது என் தொழிலில் தானாக வந்துவிடும். அண்ணியின் பெயருக்கு நேரே இருந்ததைப் படித்தேன்.

"இரண்டாம் ஆண்டு, வாய்ப்பாட்டுத் தேர்வு. அறைக்கு வந்தார். பாடவில்லை. தோல்வி. மறுதேர்வுக்கு வரவில்லை. பெயர் நீக்கப்பட்டது."

பக்கத்தில் தேர்வு நடந்த தேதி. எங்கள் வீட்டிலிருந்து கல்யாணம் பேசப் போனதற்கு நான்கு மாதங்கள் முந்தைய தேதி.

"பாடலன்னு போட்டிருக்கே. உடம்பு சரியில்லையாம்மா அன்னிக்கு?" என்று அந்த அம்மாள் கேட்டார்.

"உடம்பெல்லாம் நல்லாத்தான் இருந்தது. வாயைத் திறந்தேன், வரல" என்றாள் அண்ணி. டீ வேண்டாம் என்று சொல்வதுபோலச் சொன்னாள்.

படிவத்தை வாங்கிக்கொண்டு வராந்தாவில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்தோம். அவளே சொன்னாள்.

தேர்வு அறையில் மூன்று பேர். சுருதி வைத்தாயிற்று. வாயைத் திறந்தால் வெறும் காற்று. தண்ணீர் கொடுத்தார்கள், குடித்தாள். மறுபடியும் காற்று. அடுத்த பெண்ணைக் கூப்பிட்டுவிட்டார்கள். வீட்டில் போய், முடிவு வரத் தாமதமாகிறது என்று சொன்னாள். தினமும் காலையில் கல்லூரிக்குப் போவதாகக் கிளம்பிப் பூங்காவில் உட்கார்ந்துவிட்டுத் திரும்புவாள். நான்கு மாதம் இப்படி. எந்த நாள் குட்டு உடையுமோ என்று பயந்துகொண்டே.

"அப்பத்தான் நீங்க எல்லாரும் வந்தீங்க. உங்க அண்ணன் பாவம், என்ன பேசறதுன்னு தெரியாம, 'இந்தப் பாட்டுப் படிப்பு இப்ப அவசியமா?'ன்னு ஒரு வார்த்தை கேட்டார். கிணத்துல கெடந்த எனக்கு மேல இருந்து கயித்தை இறக்கிவிட்ட மாதிரி இருந்தது. 'சரிங்க, நிறுத்திடறேன்'னு கப்புனு புடிச்சுக்கிட்டேன்."

"அப்போ அண்ணன்..."

"அவர் நிறுத்தல. நின்னுபோனதுக்கு அவரை மூடியாப் போட்டுட்டேன்."

"இத்தனை வருஷத்துல ஒரு நாள்கூடச் சொல்லத் தோணலையா அண்ணி?"

அண்ணி படிவத்தின் ஓரத்தை மடித்து மடித்து நீவினாள். "மொதல்ல வெட்கமா இருந்தது. அப்புறம், பொய் சொல்ல மாட்டேன், வசதியா இருந்தது. எந்தச் சண்டை வந்தாலும் அவர்தான் மொதல்ல இறங்கி வருவார். ஏன் இறங்கி வர்றார்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சே எடுத்துக்கிட்டேன்."

[இந்த இடத்தில் அண்ணி அழுததாக ஒரு வரைவில் எழுதியிருந்தேன். அழவில்லை. ஒரு தடவை கொட்டாவி விட்டாள். ரொம்ப நாள் தூக்கிய சுமையை இறக்கி வைத்தவர்களுக்குத் தூக்கம் வரும்போலிருக்கிறது.]

4.

படிவத்தில் ஒரு கட்டம் இருந்தது: "படிப்பை இடையில் நிறுத்தியதற்கான காரணம்." மூன்று வரி எழுத இடம்.

"நீதான் எழுதறவளாச்சே. நல்லதா ஒரு காரணம் எழுதிக் குடு" என்றாள் அண்ணி.

சரி என்று சொல்லிவிட்டேன். ஒப்புக்கொள்கிறேன்: நான் இதுவரை எழுதியவற்றிலேயே கடினமான மூன்று வரி அதுதான். பையிலிருந்த பழைய அச்சுத்தாளின் பின்பக்கத்தில் எழுதிப் பார்த்தேன்.

முதல் வரைவு: "திருமணம் காரணமாக." — அடித்தேன்.

இரண்டாம் வரைவு: "எதிர்பாராத உடல்நலக் குறைவு." — அண்ணியே அடித்தாள். "அதுக்கு டாக்டர் சீட்டு கேப்பாங்க."

மூன்றாம் வரைவு: "தேர்வு அறையில் எனக்குக் குரல் வரவில்லை. அந்த அவமானத்தில்—" இதைப் படித்ததும் தாளை என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டாள்.

நான்காம் வரைவு: "குடும்பச் சூழ்நிலை."

"இது போதும். எல்லாரும் இதைத்தான் எழுதுவாங்க" என்றாள். எழுதினேன். உலகத்தில் எத்தனை பேருடைய கதை இந்த இரண்டு சொல்லுக்குள் அடைந்து கிடக்கிறது என்று ஒரு பத்தி எழுதத் தொடங்கி, அது என் பழைய நடையின் வேலை என்று தெரிந்து நிறுத்திவிட்டேன்.

5.

ஞாயிற்றுக்கிழமை காலை. அண்ணன் வீட்டில் நானும் இருந்தேன். அண்ணனுக்குச் சலவை இயந்திரமும் குளிர்பெட்டியும் பழுதுபார்க்கும் பட்டறை இருக்கிறது. நகக்கண்ணில் கறுப்பு ஏறிய கை. அன்று அந்தக் கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, ஈரம் துடைத்து, படிவத்தை இரண்டு மூலையிலும் பிடித்துக்கொண்டு கூடத்துக்கு வந்தான். அண்ணி அதை மேசை இழுப்பறையில்தான் வைத்திருந்தாள். மின்சார ரசீதைத் தேடியவன் கையில் அது சிக்கியிருக்கிறது.

அண்ணி எழுந்து நின்றுவிட்டாள்.

"நல்ல விஷயம்தானே. என்கிட்ட ஏன் சொல்லல?" என்றான். கோபமே இல்லை. பிறகு கட்டத்தைச் சுட்டிக் காட்டினான். "இது என்ன மொட்டையா, குடும்பச் சூழ்நிலைன்னு? தெளிவா எழுது. 'என் வீட்டுக்காரர் வேணாம்னு சொன்னார், அதனால நின்னுட்டேன்'னு எழுது. அதுதானே நடந்தது. நான் வேணா கீழ கையெழுத்து போடறேன். நேர்ல வந்து சொல்லணும்னாலும் வர்றேன்."

"ஏங்க..."

"இரு, சொல்லி முடிச்சிடறேன். கேக்கணும் கேக்கணும்னு நெனச்சுக் கேக்காமலே இருந்துட்டேன். அன்னிக்கு நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. தப்பு என்னுதுதான்."

தலையைக் குனிந்துகொண்டு, படிவத்தைப் பார்த்துத்தான் மன்னிப்புக் கேட்டான். கண்ணைப் பார்த்துக் கேட்கத் தெரியாது அவனுக்கு.

அண்ணி என்னைப் பார்த்தாள். நான் சன்னலைப் பார்த்தேன். பிறகு அவள் சொல்லத் தொடங்கினாள். பூங்கா பெஞ்சு வரைக்கும், கயிறு வரைக்கும், வராந்தாவில் என்னிடம் சொன்ன எதையும் விடாமல். சண்டைகளில் அவன் இறங்கி வந்ததைத் தெரிந்தே எடுத்துக்கொண்டதையும் விடவில்லை. அதை மட்டுமாவது முழுங்கிவிடுவாள் என்று எதிர்பார்த்தேன்.

அண்ணன் நாற்காலியில் உட்கார்ந்தான்.

"அப்போ நான் இல்லையா?"

"நீங்க இல்லை."

"நான் கேட்டதுக்கு முன்னாடியே நின்னுபோச்சா?"

"நாலு மாசம் முன்னாடி."

"இன்னொரு தடவை சொல்லு."

"நீங்க காரணம் இல்லைங்க."

படிவத்தை மேசைமேல் வைத்தான். சுருண்டுவிடக் கூடாது என்று கண்ணாடித் தம்ளரை அதன்மேல் வைத்தான். பிறகு பெரிதாக மூச்சுவிட்டு, "பசிக்குது. ஏதாவது இருக்கா?" என்றான். காலையில்தான் வயிறு முட்டச் சாப்பிட்டிருந்தான். மறுபடியும் உட்கார்ந்து, மிச்சம் இருந்ததையெல்லாம் வழித்துச் சாப்பிட்டான். அண்ணி எதிரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். என் வாழ்க்கையில் ஒரு மனுஷன் அவ்வளவு நிம்மதியாகச் சாப்பிட்டு நான் பார்த்ததில்லை.

6.

நல்ல கதையாக இருந்தால் அந்தச் சாப்பாட்டோடு முடித்திருக்கலாம். அண்ணனுக்கு இரண்டு நாள் கழித்துத்தான் கோபம் வந்தது.

செவ்வாய்க்கிழமை பட்டறைக்குப் போனேன், என் பங்குக்கு மன்னிப்புக் கேட்க. ஒரு சலவை இயந்திரத்தின் முதுகைக் கழற்றி, உள்ளே தலையை விட்டிருந்தான். தலையை வெளியே எடுக்காமலே பேசினான்.

"இருபத்திரெண்டு வருஷம். ரேடியோவுல நல்ல பாட்டு ஓடும்போது அவ வந்தா அணைச்சிடுவேன். கேட்டா மனசு வலிக்குமேன்னு. அவ என்ன நெனச்சிருக்கா தெரியுமா? எனக்குப் பாட்டே புடிக்காதுன்னு! ஒரே வீட்டுல இருந்துக்கிட்டு ரெண்டு பேரும் ஊமையா இருந்திருக்கோம். ஒரு வார்த்தை சொல்லியிருந்தா என்ன?"

"அண்ணிகிட்ட இதைச் சொன்னியா?"

"நேத்து சொன்னேன். கத்தினேன். அவளும் திருப்பிக் கத்தினா." ஸ்பானர் கீழே விழுந்தது. "நல்லா இருந்தது."

"அண்ணா, நான் எழுதின அந்தக் கதை—"

அப்போதுதான் தலையை வெளியே எடுத்தான். கன்னத்தில் கிரீஸ். "அதை மூணு தடவை படிச்சேன். நம்ம தங்கச்சி நம்மளைச் சரியாத்தான் புரிஞ்சு வச்சிருக்கான்னு நெனச்சேன்."

[இதற்குக் கீழே எதுவும் எழுத முடியவில்லை. நான்கு வரைவுகளிலும் இந்த இடம் காலியாகத்தான் இருக்கிறது.]

பக்கத்தில் இருந்த ஒரு டிரம்மைக் கவிழ்த்துப் போட்டு, உட்காரச் சொன்னான். டீ வரவழைத்தான். "மூக்கைப் பத்தி மட்டும் கொஞ்சம் ஓவரா எழுதிட்டே" என்றான்.

7.

படிவம் போயிற்று. காரணக் கட்டத்தில் அண்ணி பழையதை அடித்துவிட்டு, தன் கையெழுத்தில், "தேர்வில் பாட முடியவில்லை. பயந்துபோய் விட்டுவிட்டேன்" என்று எழுதியிருந்தாள். எட்டே சொல். பிழை திருத்த ஒன்றும் இல்லை. [எண்ணிப் பார்த்தேன், ஐந்துதான். நாற்பது கடிதத்துக்குப் பழகிய கை.]

நேர்முகத் தேர்வுக்கு நாங்கள் மூவரும் போனோம். போகும் வழியில் பேருந்திலேயே எனக்குள் முடிவுகள் தயாராகிவிட்டன. முடிவு அ: அவள் பாடுகிறாள், தேர்வாளர்கள் எழுந்து நிற்கிறார்கள். முடிவு ஆ: குரல் மறுபடியும் வரவில்லை, அண்ணன் அவள் கையைப் பிடித்து அழைத்துவருகிறான், நான் கண் கலங்குகிறேன், முப்பத்தொரு கடிதம். முடிவு இ: வாசலிலேயே திரும்பிவிடுகிறாள். மூன்றையும் கையில் வைத்துக்கொண்டு வராந்தாவில் உட்கார்ந்தேன்.

அண்ணி உள்ளே போனாள். கதவு சாத்திக்கொண்டது. மூலையில் குடிதண்ணீர் இயந்திரம் ஒன்று கடகடவென்று உதறிக்கொண்டிருந்தது. உள்ளே நடப்பது எதுவும் கேட்கவில்லை. அண்ணன் இரண்டு நிமிடம் பொறுத்தான். பிறகு எழுந்துபோய் அதன் பிளக்கைப் பிடுங்கினான்.

வராந்தா அமைதியானது. உள்ளேயும் அமைதி.

"இன்னும் ஆரம்பிக்கல போல" என்றான் அண்ணன், பிளக்கைக் கையில் பிடித்தபடியே. நான் தலையாட்டினேன். அமைதி நீண்டது. முடிவு ஆ-தான் நடக்கப்போகிறதோ? எழுத்தாளராக அதற்கு நான் ஆசைப்பட்டிருக்கலாம், தங்கையாக வேண்டாம் வேண்டாம் என்று வேண்டிக்கொண்டேன்.

உள்ளே யாரோ ஏதோ கேட்டார்கள். அண்ணியின் குரல் ஒரு சொல்லில் பதில் சொன்னது. ஒரு சிரிப்புச் சத்தம். பிறகு பாட்டு.

முதல் வரி நடுங்கியது. இரண்டாவது வரியில் ஓரிடத்தில் விரிசல் விட்டது. மூன்றாவது வரிக்கு வந்தபோது, சோதனை அறைக் கதவைத் திறந்தபோது என் முகத்தில் மோதிய அதே குரல். அண்ணன் என்னைத் திரும்பிப் பார்த்தான். கல்யாணமாகி இருபத்திரண்டு வருடம் ஆகிறது. அவன் அவள் முழுசாகப் பாடிக் கேட்பது அதுதான் முதல் தடவை. "இவ்வளவு சத்தமாப் பாடுவாளா?" என்று மட்டும் கேட்டான்.

உள்ளே என்ன நடந்தது என்று அண்ணி பிறகு சொன்னாள். வாயைத் திறந்தாள், பழையபடி காற்று. நடுவில் உட்கார்ந்திருந்த பெண், அண்ணியைவிடப் பத்து வயதாவது சின்னவள், "பயமா இருக்காம்மா?" என்று கேட்டாள். "ஆமா" என்றாள் அண்ணி. "சரி, பயந்துக்கிட்டே பாடுங்க. எங்களுக்கு ஒண்ணும் அவசரம் இல்ல."

அவ்வளவுதான். யாரும் எழுந்து நிற்கவில்லை.

8.

கடிதம் வந்துவிட்டது. இடம் கொடுத்திருக்கிறார்கள். விட்ட இடத்திலிருந்து அல்ல, முதலாம் ஆண்டிலிருந்து. வாரத்தில் ஐந்து நாள் காலை வகுப்பு. கூடப் படிப்பவர்கள் அண்ணியின் மகளைவிடச் சின்னவர்களாக இருப்பார்கள். வேலையை அரைநாளாகக் குறைத்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் பட்டம் இல்லாத வார இறுதி வகுப்பு ஒன்று இருக்கிறது, அதில் சேரலாம். எதிலும் சேராமலும் இருக்கலாம். வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும்.

நான் இதை எழுதுவது புதன்கிழமை. மகள், நாங்கள் 'வாலு' என்று கூப்பிடும் பத்தொன்பது வயதுக்காரி, "அம்மா, நீ என் ஜூனியர்ஸ் செட்டுல உக்காரப் போறே. சும்மா கெத்தா போ" என்று சொல்லிவிட்டாள். நான் நான்கு தடவை கேட்டுவிட்டேன்.

"சேரப் போறீங்களா அண்ணி?"

"உன் கதைக்கு முடிவு வேணும்ங்கறதுக்காக நான் காலேஜுல சேர முடியாது."

"சும்மா எனக்குத் தெரிஞ்சுக்கணும்."

"எனக்கே தெரியல. ஆனா ஒண்ணு. சேந்தாலும் சரி, சேராட்டியும் சரி, இப்ப நான் நல்லா தூங்கறேன். அதை எழுதிக்கோ."

எழுதிக்கொண்டேன்.

ஆகவே வாசகரே, முடிவை உங்களிடம் விடுகிறேன். நாளைக்கே இதை அனுப்பிவிடப் போகிறேன், வெள்ளிக்கிழமைக்கு முன்னால், வேண்டுமென்றேதான். அவளை முதல் வரிசை பெஞ்சில் உட்காரவையுங்கள். அல்லது வார இறுதி வகுப்புக்கு அனுப்புங்கள். அல்லது வீட்டிலேயே இருக்கவிடுங்கள். எதுவானாலும் பழியைத் தூக்கி யார் தலையிலாவது வைக்காதீர்கள். நான் ஒரு தடவை வைத்துப் பார்த்துவிட்டேன்.

எனக்குக் கடைசியாகத் தெரிந்தது இன்று சாயங்காலம் நடந்தது. அண்ணனும் அண்ணியும் சாப்பாட்டு மேசையில் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் அந்தக் கடிதம். அண்ணி அதைப் பத்தாவது தடவையாகப் படித்துக்கொண்டிருந்தாள். அண்ணன் ரொம்ப நேரம் விரலால் மேசையைத் தட்டிக்கொண்டிருந்தான். கல்யாணமான நாளிலிருந்து அவள் விஷயத்தில் 'உன் இஷ்டம்' என்பதைத் தவிர அவன் வேறு எதுவும் சொன்னதே இல்லை.

"நான் ஒண்ணு சொல்லட்டுமா?" என்றான்.

அண்ணி கடிதத்தைக் கீழே வைத்தாள். "சொல்லுங்க."

"கோவிச்சுக்க மாட்டியே?"

"கோவிச்சுக்கிட்டா கோவிச்சுக்கறேன். நீங்க சொல்லுங்க."

அவன் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டான். தொண்டையைச் செருமினான். "எனக்கு என்ன தோணுதுன்னா..." என்று ஆரம்பித்தான்.

நான் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு, செருப்பைப் போட்டுக்கொண்டு, வெளியே வந்துவிட்டேன்.